மலை ஏறிய உடம்பு
கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத் தமிழரும் உடல் பருமனும்: அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



உடல் பருமனைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். இந்தப் பொருளில் மேடையேறும் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்வது இரண்டு வாக்கியம்: குறைத்துச் சாப்பிடுங்கள், நிறைய நடங்கள். பொய்யில்லை. ஆனால் அதைக் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவர் கையில் மிஞ்சுவது வெட்கம் ஒன்றுதான். வெட்கத்தால் எடை குறைந்த ஒருவரை என் மருத்துவ வாழ்க்கையில் நான் பார்த்ததில்லை. வெட்கத்தால் கிளினிக்குக்கு வருவதை நிறுத்திக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே இன்று அறிவுரையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இந்த மலையில் வாழ்ந்த நம் உடம்பு எப்படி இப்படி ஆனது என்ற வரலாற்றை முன்னால் வைக்கிறேன்.

முதலில் நாட்டின் கணக்கு. மலேசிய சுகாதார அமைச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தேசிய சுகாதார, நோய் ஆய்வை நடத்துகிறது. 1996இல் நடந்த ஆய்வில், வயது வந்தோரில் 100க்கு 16.6 பேர் அதிக எடை, 4.4 பேர் பருமன். 2019இல் இவை முறையே 30.4, 19.7. 2023இல் இரண்டையும் கூட்டினால் 54.4. ஒரு தலைமுறைக் காலத்துக்குள் ஐவரில் ஒருவர் என்பது இருவரில் ஒருவருக்கு மேல் என்று ஆகிவிட்டது. ஒரு நாட்டு மக்கள் அனைவருக்கும் இருபத்தேழு ஆண்டில் திடீரென்று மன உறுதி குறைந்துபோகாது. மாறியது வேறு.

இதில் நாம் எங்கே நிற்கிறோம்? 2019 ஆய்வில் மலேசிய இந்தியரில் 100க்கு 63.9 பேர் அதிக எடை அல்லது பருமன் உடையவர்கள். பெரிய இனங்களில் நாம்தான் முதலிடம். இனிப்புநீர், அதாவது நீரிழிவு, 100க்கு 31 பேருக்கு மேல். அதாவது இந்த மண்டபத்தில் பத்துப் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கும் ஒரு வரிசையை எடுத்துக்கொண்டால் மூன்று பேர். அவர்களில் ஒருவருக்காவது தனக்கு இருப்பதே தெரியாமல் இருக்கக்கூடும்.

இந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு நூறு ஆண்டு பின்னால் போவோம். ஏனென்றால் மலாயாத் தமிழரின் உணவுத் தட்டு, மருத்துவ உலகமே உற்றுப் பார்த்த ஒரு தட்டு. இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டின் சுரங்கங்களிலும் மருத்துவமனைகளிலும் பெரிபெரி என்ற நோய் ஆயிரக்கணக்கில் ஆட்களைக் கொன்றது. கால் வீங்கும், நரம்பு செத்துப்போகும், இதயம் நின்றுவிடும். காரணம் அன்று உறுதிப்படவில்லை. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் ஒன்றைக் கவனித்தார். சயாமிலிருந்து வந்த தீட்டிய வெள்ளை அரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களுக்கு நோய் வந்தது. அதே ஊரில், அதே தண்ணீரைக் குடித்து, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்களுக்கு ஏறக்குறைய வரவே இல்லை. கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் பிளெட்சர் என்பவர் 1905இல் நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வெள்ளை அரிசியும் மறு பாதிக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். வெள்ளை அரிசிக்காரர்களில் பலருக்கு நோய் கண்டது, பலர் இறந்தனர். புழுங்கலரிசிக்காரர்களில் யாரும் சாகவில்லை. நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது என்பது பிறகு விளங்கியது. வைட்டமின் என்ற கருத்து உலகில் பிறந்த கதையில் நம் கொள்ளுப்பாட்டிகளின் உலைப்பானைக்கும் ஓர் இடம் உண்டு.

இந்தக் கதையைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தப் பானையைச் சுற்றி இருந்த வாழ்க்கையையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சோறு மலைபோல் இருந்தது; பக்கத்தில் கொஞ்சம் கருவாடு, கொஞ்சம் பருப்புத் தண்ணீர், லயம் என்ற வரிசை வீட்டுக்குப் பின்னால் முளைத்த கீரை. புரதம் மிகக் குறைவு. அந்தச் சோறு முழுவதையும் வேலை எரித்துவிட்டது.

என்ன வேலை? 1929இல் ஜே. ஏ. ரசல் இந்த மலையில் போ தோட்டத்தைத் தொடங்கியபோது இங்கே இருந்தது காடும் சரிவும்தான். மரம் வெட்டி, வேர் பிடுங்கி, வாய்க்கால் எடுத்து, செடி நட்டவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். 1933இல் பாரத் நிறுவனம் வந்தது. சுங்கை பாலாஸ், பேர்லி, புளூ வேலி என்று தோட்டங்கள் பெருகின. விடியுமுன் பெரட்டு எனும் ஆள் கணக்கெடுப்பு, பிறகு முதுகில் கூடையோடு சரிவில் ஏற்றம், கொழுந்து நிறைந்ததும் நிறுவைக்கு இறக்கம், மறுபடி ஏற்றம். இங்கே சம தரை என்பதே கிடையாது. இருபது டிகிரிக் குளிர், முக்கால்வாசி நாள் மழை. கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, நாள் முழுக்க நின்றும் ஏறியும் வேலை செய்த பெண்ணுக்குத் தட்டு நிறையச் சோறு தேவைப்பட்டது. அது பெருந்தீனி இல்லை. கணக்குச் சரியாக இருந்தது.

பிறகு நடந்ததை நீங்கள் கண்ணால் கண்டவர்கள். கையால் கிள்ளிய கொழுந்தைக் கத்தரி வெட்டத் தொடங்கியது. இப்போது இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக நடக்கும் இயந்திரம் வெட்டுகிறது. அதைப் பிடித்திருப்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசத்தவர், நேப்பாளியர், இந்தோனேசியர். நம் பிள்ளைகள் படித்தார்கள். தானா ராத்தாவுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கினார்கள். அலுவலகத்தில், கடையில், ஓட்டுநர் இருக்கையில், பாதுகாவலர் நாற்காலியில் அமர்ந்தார்கள். இது நாம் விரும்பிய விடுதலை. நான் அந்தப் பழைய உழைப்பைப் பாட்டாகப் பாட வரவில்லை. அது முதுகெலும்பை முறித்த உழைப்பு, கூலி அற்பம். சொல்ல வருவது ஒன்றுதான்: வேலை உடம்பை விட்டுப் போய்விட்டது, தட்டு மட்டும் அப்படியே இருந்துவிட்டது. என் பேச்சின் மையம் இதுதான்.

இதற்கு அறிவியலில் ஒரு பழைய சான்று இருக்கிறது. அதுவும் தொழிலாளர்களிடம் எடுக்கப்பட்டது. 1956இல் வெளியான ஆய்வில் ஜான் மேயரும் அவருடைய இந்தியத் துணையாய்வாளர்களும் மேற்கு வங்கத்தில் ஒரு சணல் ஆலையில் 213 ஆண்களை ஆராய்ந்தார்கள். கடைத் திண்ணையில் நாள் முழுதும் உட்கார்ந்திருப்பவர் முதல் மூட்டை தூக்குகிறவர் வரை வேலைவாரியாக வகைப்படுத்தி, யார் எவ்வளவு சாப்பிடுகிறார், எவ்வளவு எடை என்று பார்த்தார்கள். லேசான வேலையிலிருந்து கடினமான வேலை வரை, உழைப்பு கூடக்கூட உணவும் கூடியது. எடை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. ஆனால் அறவே அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள், லேசான வேலை செய்தவர்களைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடையும் அவர்களுக்கே அதிகம். உடம்பு ஓர் அளவாவது அசைந்தால்தான் பசி தன் கணக்கைச் சரியாகப் போடுகிறது. அசைவு முற்றாக நின்றால் பசிக்குக் கணக்குத் தப்பிவிடுகிறது என்பதை மேயர் அன்றே கண்டார். கொழுந்து மலையை விட்டு நாற்காலிக்கு வந்த நமக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வு எனக்குத் தெரியவில்லை.

இங்கே நிறுத்தினால் பாதிக் கதைதான். உழைப்பு குறைந்தது மலாய்க்காரருக்கும் சீனருக்கும் கூடத்தான். நம்மில் ஏன் அதிகம்? அதிலும் பார்வைக்கு ஒல்லியாக இருக்கும் நம் ஆட்களுக்குக் கூட ஏன் இனிப்புநீர் வருகிறது?

2004இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடம்பிலுள்ள கொழுப்போ யுட்கினுக்கு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்குக்கு 21.2 விழுக்காடு. ஒரே குறியீடு, இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. நம்மவர் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் தோலுக்கு அடியில் தங்காமல் வயிற்றுக்குள், ஈரலைச் சுற்றிப் போய்ச் சேர்கிறது. அங்கே சேரும் கொழுப்புதான் இன்சுலினை வேலை செய்யவிடாமல் தடுப்பது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ஆசியருக்கு 23இலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் 27.5க்கு மேல் ஆபத்து மிகுதி என்றும் சொன்னது இதனால்தான். வீட்டில் எடை பார்க்கும் எந்திரம் இல்லாவிட்டாலும் தையல் நாடா இருக்கும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் மருத்துவரைப் பாருங்கள். சட்டை அளவு பெரிதாகவில்லையே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

ஏன் நமக்கு இப்படி ஓர் உடம்பு? யாஜ்னிக் அதையும் தேடிப் போனார். புனேயைச் சுற்றிய கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ; இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. இந்தியக் குழந்தையிடம் தசையும் ஈரல் போன்ற உறுப்புகளும் குறைந்திருந்தன. தோலடிக் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. அரைவயிற்றோடு இருக்கும் தாயின் கருவில், கிடைத்ததை வைத்து மூளையையும் கொழுப்பையும் காப்பாற்றிக்கொண்டு, தசையை விட்டுக்கொடுத்து வளர்கிறது பிள்ளை. பஞ்சம் தொடர்ந்தால் அந்த ஏற்பாடு அதைக் காக்கும். பிறந்த பிறகு உணவு தாராளமாகக் கிடைத்துவிட்டால் அதே ஏற்பாடு நோயாகிறது.

இதை மலாயா வரலாற்றோடு வைத்துப் பாருங்கள். 1941 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. அரிசி வரத்து நின்றது. தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தார்கள். ஆண்களைச் சயாம் மரண ரயில் பாதைக்கு ஓட்டிச் சென்றார்கள். போனவர்களில் திரும்பாதவர்கள் ஏராளம். அந்தக் காலத்தில் கருவுற்ற பாட்டிகளின் பிள்ளைகள் நம் மூத்த தலைமுறை. பசி அவர்கள் உடம்பில் மட்டும் எழுதப்படவில்லை, வீட்டுப் பழக்கத்திலும் எழுதப்பட்டது. வந்தவரைப் பசியாறச் சொல்லாமல் அனுப்ப மாட்டார்கள். தட்டில் மீதி வைத்தால் மனம் கலங்குவார்கள். பேரப்பிள்ளை கொழுகொழுவென்று இருந்தால்தான் நிம்மதி. அந்த அன்பைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது. பட்டினியைக் கண்டவர்கள் உணவால்தான் அன்பைக் காட்டுவார்கள்.

கடலுக்கு அப்பால் நுவரெலியாவுக்கு ஒரு நடை போய்வருவோம். அங்கேயும் தேயிலை, அங்கேயும் தமிழர், அதே குளிர், அதே சரிவு. இலங்கையில் பருமன் நகர்ப்புறத்தில் அதிகம், தோட்டப்புறத்தில் குறைவு. உடனே, பார்த்தீர்களா, உழைப்பு காக்கிறது என்று சொல்லத் தோன்றும். 2016ஆம் ஆண்டு இலங்கை மக்கள்தொகை, சுகாதார ஆய்வின் மறுபக்கத்தைப் புரட்டினால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வளர்ச்சி குன்றியோர் நாடு முழுவதும் 100க்கு 17.3, தோட்டப்புறத்தில் 31.7. அங்கே மெலிவு ஆரோக்கியத்தால் வந்ததன்று. குன்றி வளரும் அந்தப் பிள்ளை நாளை கொழும்பில் கடை வேலைக்குப் போய் உட்காரும்போது, நாம் இன்று இருக்கும் இடத்துக்குத்தான் வந்து சேரும். பட்டினியும் பருமனும் எதிரெதிர் துருவங்கள் என்று நினைப்பது தவறு. ஒரே குடும்பத்தில், பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவே, ஒன்று மற்றதாக மாறுகிறது.

பிற காரணங்களை விரைந்து சொல்லிவிடுகிறேன். பரம்பரைக்குப் பெரும் பங்கு உண்டு. தைராய்டு குறைவு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு மருந்துகள், மனநோய் மருந்துகள் சில, போதிய தூக்கமின்மை, இரவு ஷிப்ட் வேலை, இவை எல்லாமே எடையைக் கூட்டும். திடீரென்று எடை ஏறினால் முதலில் இவற்றைச் சோதிக்க வேண்டும்.

இனி உணவு. அதிலும் நாம் பறித்த தேயிலையிடமிருந்தே தொடங்குகிறேன். தேநீரில் கலோரி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் நாம் குடிப்பது தேநீர் மட்டுமா? டின் பாலில் எடைக்கு எடை பாதியை நெருங்கும் அளவு சீனி. இன்று கடைகளில் கிடைக்கும் பல டின்களில் இருப்பது பாலும் அன்று. செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர். ஒரு கோப்பை தே தாரிக்குக்கு, அதாவது ஆற்றிய பால் தேநீருக்கு, இரண்டு மேசைக்கரண்டி ஊற்றினால் ஏறத்தாழ 130 கலோரி. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று, யாராவது வந்தால் ஒன்று. நான்கு கோப்பையில் 500 கலோரி போய்விட்டது. வயிறு நிறைந்த உணர்வு துளியும் இல்லை. குளிர் பிரதேசத்தில் சூடாக ஏதாவது குடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அரசு 2019 ஜூலை 1 முதல், 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி போட்டது. அது 2024இல் 50 சென்னாகவும் 2025இல் 90 சென்னாகவும் ஏறியது. நல்ல காரியம். ஆனால் அந்த வரி ஆலையில் அடைத்து வரும் புட்டிக்கும் டின்னுக்கும்தான். கடையில் அண்ணன் ஆற்றித் தரும் கோப்பைக்கு வரி இல்லை. அந்தக் கோப்பைக்கு நாம்தான் காவல். ‘குராங் மானிஸ்’, இனிப்பு குறைவாக, என்று இரண்டு வாரம் சொல்லிப் பழகுங்கள். பிறகு ‘தே ஓ கோசோங்’, பாலும் சீனியும் இல்லாத தேநீர். உலகமெங்கும் விரும்பிக் குடிக்கும் மலைத் தேயிலையின் உண்மையான ருசி, அதைப் பறித்த குடும்பங்களுக்கு அப்போதுதான் தெரியவரும்.

இந்த 500 என்ற எண்ணை மறுபடியும் ஓரிடத்தில் சந்திக்கிறோம். 2019இல் வெளியான ஆய்வில், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை நான்கு வாரம் ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் ஆலையில் பதப்படுத்திய பொட்டல உணவு, இரண்டு வாரம் வீட்டு முறையில் சமைத்த உணவு. சீனி, கொழுப்பு, நார்ச்சத்து எல்லாம் இரண்டிலும் சமமாக இருக்குமாறு பரிமாறினார், வேண்டியமட்டும் சாப்பிடலாம். பொட்டல உணவின்போது சராசரியாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் 0.9 கிலோ ஏறியது. வீட்டு முறை உணவின் இரண்டு வாரத்தில் அவர்களே அதே அளவு இறங்கினார்கள். ஆள் மாறவில்லை, மன உறுதி மாறவில்லை. உணவின் தன்மை மாறியது, அவ்வளவுதான். மெல்ல வேண்டாத, விரைவாக விழுங்கக்கூடிய உணவு, வயிறு போதும் என்று சொல்வதற்குள் உள்ளே போய்விடுகிறது. பள்ளிக்கூடப் பையில் இன்ஸ்டன்ட் மீயும் பாக்கெட் நொறுக்கும் போட்டு அனுப்பும் தாய்மார்களைக் குறை சொல்லவில்லை. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் காலை ஆறு மணிக்கு நேரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் 2019 ஆய்வில் 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 100க்கு 29.8 பேர் அதிக எடை அல்லது பருமன் என்பதையும் நான் அறிவேன்.

நம் தட்டை என்ன செய்வது? சோற்றை ஒழிக்கச் சொல்ல மாட்டேன். சுகாதார அமைச்சு ‘சுக்கு சுக்கு செப்பாரோ’ என்று சொல்லிவருகிறது: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ கோழியோ முட்டையோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில் முக்கால் பங்கு சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி காய். அதை ஒரே நாளில் புரட்ட முடியாது. முதலில் காயை இரண்டு கரண்டியாக்குங்கள். பிறகு மீனை ஒரு துண்டு கூட்டுங்கள். சோறு தானே ஒதுங்கும். புரதம் நெடுநேரம் பசி தாங்கும். குறைவான தசையோடு பிறந்த நமக்கு அது இன்னும் அவசியம். புழுங்கலரிசிக்குத் திரும்ப முடிந்தவர்கள் திரும்புங்கள். பெரிபெரி இன்று இல்லை. ஆனால் வெள்ளை அரிசியைவிட அது பெரும்பாலும் மெதுவாகச் செரித்து மெதுவாகவே சீனியை இரத்தத்தில் ஏற்றும். காய்கறிக்கு இந்த மலையில் யாரும் அலைய வேண்டியதில்லை. முட்டைக்கோசும் சவியும் கீரையும் இரவு இரவாக லாரியில் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் இறங்குவது நம் வாசல் வழியாகத்தான். சந்தையில் அடிபட்டதென்று ஒதுக்கும் இலைக்கும் சத்து பெரிதாகக் குறைவதில்லை.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். இதைப் பற்றி மிகைப்படுத்திச் சொன்னதால் பலர் ஏமாந்திருக்கிறார்கள். எனவே உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். உடற்பயிற்சியால் மட்டும் பெரிதாக எடை இறங்காது. ஒரு ரொட்டி சானாயில் சுமார் 300 கலோரி. 70 கிலோ எடையுள்ளவர் அதை எரிக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் விரைந்து நடக்க வேண்டும். போதாததற்கு, 2012இல் வெளியான ஆய்வில் ஹெர்மன் பொன்ட்சர் தான்சானியாவில் வேட்டையாடிக் கிழங்கு தோண்டி வாழும் ஹட்சா மக்களை அளந்தபோது, உடல் அளவைக் கணக்கில் கொண்டால், அவர்கள் நாளொன்றுக்குச் செலவிடும் மொத்த ஆற்றல் மேலைநாட்டு நகரவாசிகளுடையதை ஒத்தே இருந்தது. அதிகமாக அசைந்தால் உடம்பு வேறெங்கோ செலவைச் சுருக்கிக்கொள்கிறது. எடையை இறக்குவது பெரும்பாலும் தட்டுதான்.

அப்படியானால் எதற்கு நடக்க வேண்டும்? சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தின் முடிவு 2006இல் வெளியானது. இனிப்புநீரின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவு, நடை குறித்து வழிகாட்டினார்கள். மூன்றாண்டில் நோய் வருவது 28.5 விழுக்காடு குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி இறங்கவே இல்லை! எடை எந்திரத்தின் முள் அசையாமலே இரத்தம் மாறியது. தசைதான் சீனியை வாங்கிச் சேர்த்துவைக்கும் இடம். அதை வேலை வாங்கினால் இன்சுலின் குறைவாக இருந்தாலும் சீனி உள்ளே போகும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அன்றைய சீனி ஏற்றமே தணிகிறது. இதயம், மூட்டு, தூக்கம், மனம் எல்லாவற்றுக்கும் பயன். இறக்கிய எடை மறுபடி ஏறாமல் தடுப்பதிலும் நடைக்குப் பெரும் பங்கு. வாரத்துக்கு 150 நிமிடம் என்பது குறைந்த அளவு. நம்மவருக்கு அதோடு தசைப்பயிற்சியும் அவசியம்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, படி ஏறுவது, தண்ணீர்ப் புட்டியைத் தூக்கி இறக்குவது. அறுபது தாண்டிய அம்மாமார்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். இருபது வருடம் கூடை சுமந்த முதுகு, ஓய்வுக்குப் பின் பத்து ஆண்டு சோபாவில் இருந்தால் அந்தத் தசை தங்காது.

எங்கே நடப்பது? வார இறுதியில் சுற்றுலா வண்டிகள் சாலையை அடைத்துக்கொள்கின்றன. ஓரத்தில் நடைபாதை பல இடங்களில் இல்லை. உண்மைதான். ஆனால் எண்ணிட்ட காட்டுப் பாதைகள் இந்த மலை முழுதும் கிடக்கின்றன. ராபின்சன் அருவிக்குப் போகும் 9ஆம் எண் பாதையில் நெடுந்தொலைவிலிருந்து வந்த வெள்ளைக்காரர்களைப் பார்க்கிறேன். தானா ராத்தாத் தமிழ்க் குடும்பத்தைப் பார்ப்பது அபூர்வம். நம் முன்னோர் கூலிக்காக ஏறிய மலை இது. மகிழ்ச்சிக்காக ஏறும் உரிமை நமக்கு வந்திருக்கிறது. மழை நாளில் வழுக்கும், தனியாகப் போகாதீர்கள், மூன்று நான்கு பேராகப் போங்கள்.

எடை இறங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. இறங்கிய எடையை மீட்டெடுக்க உடம்பு போராடும். 2011இல் வெளிவந்த ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், எடை குறைத்து ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் ஹார்மோன்கள் உயர்ந்தே இருந்தன. மீண்டும் ஏறினால் அது தோல்வி என்று நினைத்து மருத்துவரைத் தவிர்க்காதீர்கள். அது உடம்பின் தற்காப்பு. இப்போது வாரத்துக்கு ஒரு முறை போடும் ஊசி மருந்துகள் வந்துள்ளன. செமகுளூடைடு பற்றி 2021இல் வெளியான பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 15 விழுக்காடு எடை குறைந்தது. தேவைப்படுவோருக்கு அது உண்மையான உதவி. விலைதான் தோட்டத்து வருமானத்துக்கு எட்டாதது. அதே சமயம், இனிப்புநீர் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களை வைத்துப் பிரிட்டனில் நடத்தி 2018இல் வெளியான ஆய்வில், மருத்துவக் கண்காணிப்பில் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டின் மூலம் 15 கிலோவும் அதற்கு மேலும் குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு, மருந்தில்லாமலே நோய் தணிந்தது. புதிதாக நோய் கண்டவர்கள் இதைத் தங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டும். மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் சுயமாக உணவைக் குறைத்துவிடாதீர்கள். சீனி ஆபத்தாக இறங்கும்.

கடைசியாகச் சில கோரிக்கைகள். தனி மனிதரிடம் கேட்பதைவிட இவற்றைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் கேட்கிறேன். பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயில் போன்ற நம் கோயில்களின் நிர்வாகத்தார்க்கு: அன்னதானத்தில் ஒரு இனிப்பைக் குறைத்து, ஒரு சுண்டலும் ஒரு கூட்டும் கூட்டுங்கள், குளிர்பான டிரம்முக்குப் பதில் நீர்மோரும் சீனியில்லாத சூடான தேநீரும் வையுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு: சிற்றுண்டிச்சாலை நடத்துகிறவருக்கு லாபம் வரும்படியான வாடகையை வைத்தால்தான் அவர் பொரித்ததை விட்டு அவித்ததை விற்பார்; அதைப் பெற்றோர் சங்கத்தில் பேசுங்கள். தோட்ட நிர்வாகங்களுக்கு: இன்று கொழுந்து வெட்டும் வங்காளதேசத்து, நேப்பாளத்துப் பிள்ளைகளின் தட்டையும் பாருங்கள். இருபத்தைந்து வயதில் சோறும் டின் பால் தேநீரும் அவர்கள் வேலைக்குச் சரியாகப் போய்விடும். முப்பத்தைந்தில் ஊர் திரும்பி ஒரு கடையில் உட்காரும்போது, நம் அப்பாக்களுக்கு வந்தது அவர்களுக்கும் வரும். அவர்களுடைய குடியிருப்பில் சமைக்க நல்ல அடுப்பும், வாரத்துக்கு இருமுறை மலிவு விலையில் முட்டையும் பருப்பும் காயும் கிடைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

என் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கும் ஒன்று. டிரெஸ்ஸர்கள் எனப்பட்ட பழைய தோட்ட மருத்துவ உதவியாளர்கள் ஒவ்வொரு லயத்தையும் வீட்டாள் பெயரோடு அறிந்திருந்தார்கள். யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்து பேசினார்கள். ஐந்து நிமிடத்தில் எடையைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, அடுத்த நோயாளியைக் கூப்பிடும் கிளினிக்குகளில் நாம் அதை இழந்துவிட்டோம். ஒரு பெண் எடையோடு வந்து உட்கார்ந்தால் அவர் காலையில் எத்தனை மணிக்கு எழுகிறார், யாருக்கெல்லாம் சமைக்கிறார், கடைசியில் யார் தட்டில் மிச்சம் இருப்பதைச் சாப்பிடுகிறார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலான பெண்கள் அந்தக் கேள்விக்குச் சொல்லும் பதிலிலேயே சிகிச்சை எங்கே தொடங்க வேண்டும் என்பது இருக்கிறது. அதைக் கேட்கக் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை அரசு கிளினிக்குகளுக்குப் பெற்றுத்தரும்படி, இங்கே வந்திருக்கும் மக்கள் பிரதிநிதிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.